திருவிழாப் பாட்டின் மூன்றாவது முகம்

பாட்டை வெட்டுவது எங்கள் தொழிலில் குற்றமாகக் கருதப்பட்டதில்லை. படம் நீளமாக இருந்தால் தியேட்டர் ஆப்ரேட்டர் ஒரு பாட்டை எடுத்து வைப்பார். படப்பெட்டி அடுத்த ஊருக்குப் போகும் நாளில் திரும்ப ஒட்டிவிடுவார். இது எழுதப்படாத நடைமுறை. ஆப்ரேட்டர் சங்கத்தின் ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதித் தரும்படி கேட்க வந்த நண்பர்களில் ஒருவர், "இப்ப கம்ப்யூட்டர்ல ஒரு தட்டு தட்டினா பாட்டு போயிடும் சார். நீங்கல்லாம் எப்படிப் பண்ணீங்க?" என்று கேட்டார். எப்படிப் பண்ணினோம் என்பதைத்தான் எழுதுகிறேன். ஒரே ஒரு பாட்டைப் பற்றி.

தொழிலுக்கு வருமுன் சென்னையில் ஒரு நாளிதழில் மூன்று ஆண்டுகள் பிழை திருத்தினேன். அங்கே ஒரு பழக்கம் உண்டு. செய்தி நீண்டு பத்தியில் அடங்காவிட்டால் கடைசிப் பாராவின் ஈய எழுத்துகளை அப்படியே எடுத்துவிடுவார்கள். கடைசிப் பாராவில் யார் பெயர் இருந்தது என்று யாரும் கேட்பதில்லை. பத்திரிகை நின்றுபோனதும் கடலூரில் ஒரு டாக்கீஸில் வேலை கற்று, பரீட்சை எழுதி, லைசென்ஸ் வாங்கி, அறுபதுகளின் நடுவில் நெய்வேலிக்கு வந்தேன்.

எங்கள் தியேட்டர் டவுன்ஷிப்பை ஒட்டி இருந்தது. அந்த ஊரில் நேரத்தை நிர்ணயிப்பது சுரங்கத்தில் ஊதும் சங்கு. காலை ஆறு, பிற்பகல் இரண்டு, இரவு பத்து என்று மூன்று ஷிப்ட். மாலைக் காட்சிக்கு வரும் நைட் ஷிப்ட் ஆட்கள் ஒன்பது மணிக்கு வெளியே போய், குவார்ட்டர்ஸில் சோற்றுப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு பஸ் பிடிக்க வேண்டும். ஒன்பதைத் தாண்டினால் கடைசிக் கால் மணி நேரம் நாற்காலி மடங்கும் சத்தத்தில் போய்விடும். அடுத்த வாரம் அவர்கள் வரமாட்டார்கள்.

மேனேஜர் தணிகாசலம் பண்ருட்டிக்காரர். குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. கைக்கடிகாரத்தை மணிக்கட்டின் உள்பக்கமாகக் கட்டியிருப்பார். பேசும்போது எதிரில் இருப்பவரைப் பார்க்காமல் அதைப் பார்ப்பார். மறுப்பு என்றால் வாயால் சொல்லமாட்டார். கையைத் திருப்பிக் கடிகாரத்தை மறைத்துக்கொள்வார். பேச்சு முடிந்தது என்று பொருள். வியாழக்கிழமைதோறும் பெட்டி வந்ததும் ஒரு சீட்டில் எத்தனை நிமிஷம் குறைய வேண்டும் என்று எழுதி மேலே அனுப்புவார். எதை வெட்டுவது என்பது என் பொறுப்பு.

அந்த வியாழக்கிழமைச் சீட்டில் இருபது நிமிஷம் என்று இருந்தது.

படம் ஒரு பாடகர் கதாநாயகனாக நடித்தது. பெயரைச் சொன்னால் படமும் தெரிந்துவிடும், வேண்டாம். கோயில் கச்சேரிகளில் பெயர் எடுத்தவர். பிறகு சினிமாவில் மற்ற நடிகர்களுக்காகப் பாடினார். அந்தப் பகுதியில் அவர் குரல் கேட்காமல் கல்யாணமோ காதுகுத்தோ நடந்ததில்லை. ஆனால் முகத்தை யாரும் பார்த்ததில்லை. அந்த முகத்தைக் காட்டுகிறோம் என்றுதான் படத்துக்கு விளம்பரமே செய்தார்கள்.

குள்ளமான, கனத்த ஆள். கன்னத்தில் அம்மைத் தழும்பு, பவுடருக்கு அடங்கவில்லை. வசனம் பேசும்போது கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் வேட்டி மடிப்பைப் பிடித்துக்கொள்வார். கதாநாயகி அழும் கட்டத்தில் அவர் கண் காமிராவுக்குப் பக்கத்தில் யாரையோ தேடும். முதல் நாள் மேட்னியில் சிரித்தார்கள். "யோவ், பாட்டுக்கு வாய்யா!" என்று தரை டிக்கெட்டிலிருந்து குரல் வந்தது. பாட்டு வந்ததும் கொட்டகை அடங்கியது. வாயைத் திறந்துவிட்டால் அந்த மனிதருக்குக் கை, கால், முகம் எல்லாம் எங்கிருந்தோ வந்து சேர்ந்துவிடும். ஒரு பாடகனுக்குத் தொண்டை கெட்டுப்போவதுதான் கதை. பதினாறு பாட்டு. கடைசிப் பாட்டில் குரல் வராமல் அவர் உதட்டை மட்டும் அசைப்பார். அந்த இடத்தில் பீடி பற்றவைக்கும் தீக்குச்சி வெளிச்சம்கூடத் தெரியாது.

இதில் எதை வெட்டுவது? அவர் பாடும் பாட்டில் கை வைத்தால் ஜனம் திரையைக் கிழித்துவிடும். நகைச்சுவைக் காட்சிகளில் பதினாறு நிமிஷம் தேறியது. மீதி நான்குக்கு ஒரு தேர்த் திருவிழாப் பாட்டு அகப்பட்டது. அதில் அவர் முகமும் இல்லை, குரலும் இல்லை. குழுவாகப் பெண்கள் பாட, எட்டுப் பெண்கள் முளைப்பாரித் தட்டோடு ஆடி வருகிறார்கள். கதைக்கு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. கத்தரித்து, தனிச் சுருளாகச் சுற்றி, தகரப் பெட்டியில் வைத்தேன். எங்களுக்கு முன்னால் அந்தப் பிரதி ஒன்பது ஊர் ஓடியிருந்தது. பெரிய படம் என்பதால் அந்த வாரம் எல்லா நாளும் மேட்னி உண்டு.

செவ்வாய்க்கிழமை மேட்னி முடிந்து மெஷினைத் துடைத்துக்கொண்டிருந்தேன். கேபின் படியின் கீழே பெண் குரல் கேட்டது.

"இன்னாங்க ஆப்ரேட்டரே, பாட்ட முழுங்கிட்டீங்களா? திருவிழாப் பாட்டு எங்க?"

இறங்கிப் போனேன். கேட்டது அஞ்சலை. காடாம்புலியூர்க்காரி; புருஷன் சுரங்கத்தில் பெர்மனென்ட். வாரம் ஒரு படம் பார்ப்பதால் எனக்குத் தெரியும். பக்கத்தில் நாற்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு அம்மாள் சேலைத் தலைப்பை வாயில் அழுத்திக்கொண்டு நின்றிருந்தார்.

"நேரம் போதலைங்க. எடுத்து வச்சிருக்கோம்" என்றேன்.

"வச்சிகினு என்னா பண்றீங்க, ஊறுகா போடுறீங்களா? இந்தம்மா அந்த ஒரு பாட்டப் பாக்கத்தான் வந்துது. ரெண்டே முக்கால்லேர்ந்து கண்ண மூடலை."

அந்த அம்மாள் அஞ்சலையின் கையைப் பிடித்து நிறுத்தினார். "சண்டை போடாதடி. தம்பி, நான் சொல்லுதேன்."

செல்லத்தாய் என்று பெயர். கோவில்பட்டிப் பக்கம். கணவர் சங்கரலிங்கம் சுரங்க ஒர்க்‌ஷாப்பில் ஃபோர்மேன். ஒரே மகள் கோமதி. பதினேழு வயதில் ஒரு நடனக் குழுவோடு சென்னைக்குப் போய்விட்டாள். அன்று சாயங்காலமே சங்கரலிங்கம் கிணற்றடியில் அவளைத் தலைமுழுகினார். வீட்டில் இருந்த அவளுடைய போட்டோ எல்லாவற்றையும் கிழித்து அடுப்பில் போட்டார். பெயரைச் சொல்லக்கூடாது என்றார். நான்கு வருஷம் யாரும் சொல்லவில்லை. போன ஆண்டு அவள் மஞ்சள் காமாலையில் சென்னை ஆஸ்பத்திரியில் இறந்தாள். தகவல் வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அவளோடு தங்கியிருந்த பெண் அந்த மாதம், கோமதி சொல்லிவைத்திருந்த அஞ்சலை வீட்டு விலாசத்துக்கு ஒரு கடிதம் எழுதியிருந்தாள்.

செல்லத்தாய் அந்தக் கடிதத்தை ஜாக்கெட்டுக்குள்ளிருந்து எடுத்தார். நான் படித்தேன். அந்தப் பாடகர் படத்தில், தேர்த் திருவிழாப் பாட்டின் தொடக்கத்தில், எட்டுப் பெண்களின் முகமும் ஒவ்வொன்றாகப் பெரிதாக வரும். மூன்றாவது முகம் கோமதி.

"வீட்டுல ஒரு படம்கூட இல்ல தம்பி. மொகம் மறந்துட்டு வருது. மூக்கு ஞாபகம் இருந்தா கண்ணு ஞாபகம் வர மாட்டேங்கு. ஒரு தடவை பாத்துக்கிடுதேன். அவுகளுக்கு இந்த வாரம் செகண்ட் ஷிப்ட். அடுத்த வாரம் பகல்ல வீட்டுல இருப்பாக, வர முடியாது."

"வெள்ளிக்கிழமை படம் மாறிடும்மா" என்றேன்.

"அதான் கேக்கேன். அவுகளுக்கு மட்டும் தெரியக்கூடாது. சத்தியமாச் சொல்லுங்க."

சொன்னேன்.

மேனேஜரிடம் போனேன். முழுவதும் சொல்லவில்லை, ஒரு அம்மாளின் மகள் அந்தப் பாட்டில் இருக்கிறாள் என்று மட்டும் சொன்னேன். கடிகாரத்தைப் பார்த்தார்.

"எத்தினி நிமிஷம்?"

"நாலுங்க."

"நாலு நிமிஷத்துக்கு நான் எங்க போவேன் ஆப்ரேட்டர்? சங்கு ஊதுறத நிறுத்திடுவீங்களா?" கையைத் திருப்பிக்கொண்டார்.

மறுநாள் காலை கேபினுக்குள் சீட்டு கிடந்தது. மேட்னிக்கு மட்டும் பாட்டு உண்டு. நியூஸ் ரீல் போட வேண்டும் என்பது சட்டம், அதில் குறைக்க முடியாது. விளம்பர ஸ்லைடு கிடையாது. இடைவேளை எட்டு நிமிஷம். கீழே, மாலைக் காட்சிக்குப் பாட்டு இருக்கக்கூடாது என்பதை அடிக்கோடிட்டிருந்தார். அவர் எனக்குச் செய்த பெரிய தயவு அதுதான். அதைப் பற்றி அவர் பிறகு பேசவே இல்லை.

ஃபிலிமை ஒட்டுவது சின்ன வேலைதான், ஆனால் நிதானம் வேண்டும். ஒரு முனையில் மருந்துப் பூச்சை பிளேடால் சுரண்ட வேண்டும். ஃபிலிம் சிமென்ட் என்ற பசையைத் தடவி, மறு முனையை அதன்மேல் வைத்து, பல் துளைகள் பொருந்தும்படி அழுத்தி, பத்து எண்ண வேண்டும். முனைகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறுவதால் ஒவ்வொரு முறையும் இரண்டு மூன்று ஃபிரேம் போகும். திரையில் அது இமைக்கும் நேரத்துக்கும் குறைவு. பார்ப்பவருக்குத் தெரியாது. அவசரக்காரர்கள் கத்தரிக்கோலால் ஒரு அடி சேர்த்தே வெட்டிவிடுவார்கள். அந்தச் சுருளின் முனையில் விரலை ஓட்டியபோது பழைய ஒட்டு ஒன்றன்பின் ஒன்றாகத் தட்டுப்பட்டது. பன்னிரண்டு மணி ஆகிவிட்டது. மேற்கொண்டு பார்க்கவில்லை, ஒட்டினேன்.

புதன்கிழமை மேட்னியில் அந்த ரீல் ஓடும்போது நான் திரையைப் பார்க்கவில்லை. கேபின் சுவர்த் துவாரம் வழியாகப் பெண்கள் பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பாட்டு தொடங்கியதும் செல்லத்தாய் எழுந்து நின்றார். பின்னால் இருந்தவர்கள் "உக்காரும்மா" என்று கத்தினார்கள். அதற்குள் முகங்கள் முடிந்து ஆட்டம் தொடங்கிவிட்டது. அவர் உட்காரவில்லை. அஞ்சலை இழுத்து உட்கார வைத்தாள்.

காட்சி முடிந்து படிக்குக் கீழே வந்தார். அழுதிருந்தார்.

"பாத்தீங்களாம்மா?"

"பாத்தேன். மூணாவதுன்னுதான எழுதியிருந்தா? மொத ஆளா வந்துட்டா. நான் இப்பத்தான ஆரம்பிக்குன்னு இருந்தேன், வந்துட்டா. கழுத்தச் சாச்சு நிப்பா பாருங்க, அதேமாரி நிக்கா. ஆனா பேர் சொல்லுததுக்குள்ள போயிட்டா."

அவர்கள் போனபின் மேலே வந்தேன். மாலைக் காட்சிக்காகப் பாட்டை மறுபடி வெட்டி எடுத்தபோது, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து எண்ணினேன். எட்டு முகம் இல்லை, ஆறுதான் இருந்தது. ஒன்பது ஊர்களில் ஒன்பது பேர் என்னைப் போலவே, கதாநாயகன் இல்லாத பாட்டு என்று இதையே தேர்ந்தெடுத்து, இதே இடத்தில் வெட்டி, இதே இடத்தில் ஒட்டியிருந்தார்கள். முதல் இரண்டு பெண்களும் அப்படியே போயிருந்தார்கள். மூன்றாவதாக இருந்த கோமதி சுருளின் முனைக்கு வந்துவிட்டாள். அவளிலும் பாதி போயிருந்தது. அன்று காலை நான் ஒட்டியதிலும் இப்போது வெட்டியதிலும் இன்னும் நான்கைந்து ஃபிரேம்.

வியாழக்கிழமை மேட்னிக்கு மறுபடி ஒட்ட வேண்டும். ஒட்டினால் அவள் இன்னும் குறைவாள். ஒட்டாவிட்டால் அந்த அம்மாள் வாசலில் நிற்பார். ஒட்டினேன். கையால் முடிந்தவரை ஓரமாகவே சுரண்டினேன். அப்படியும் போனது.

செல்லத்தாய் படியருகே வந்து, "இன்னைக்கு இன்னும் சீக்கிரமாப் போயிட்டா, தம்பி" என்றார். தனக்குத்தான் அப்படித் தோன்றுகிறது என்றும் அவரே சொல்லிக்கொண்டார். நான் ஆமாம் என்றேன்.

வெள்ளிக்கிழமை காலை பெட்டி கட்ட வேண்டும். எடுத்து வைத்த துண்டுகளை ஒட்டுவதற்காக மேஜைமேல் பரப்பியிருந்தேன். படியில் செருப்புச் சத்தம் கேட்டது. ஐம்பது வயது ஆள்; கழுத்து வரை பொத்தான் போட்ட காக்கிச் சட்டை; பையில் சீவின பென்சில்.

"நான் ஃபோர்மேன் சங்கரலிங்கம். ஒர்க்‌ஷாப். திருவிழாப் பாட்டுன்னு ஒண்ணு இருக்காமே, அத ஒரு நிமிஷம் பாக்கலாமா தம்பி? படம் பாக்க மாட்டேன். கொட்டகைக்குள்ள கால் வைக்கிறதில்லைன்னு சொல்லிப்புட்டேன். இது கொட்டகை இல்லையே, மிஷின் ரூம்தானே?"

"மிஷின் ரூம்தாங்க" என்றேன்.

ஆர்க் விளக்கு, கார்பன் குச்சி, பல் சக்கரம் எல்லாவற்றையும் ஒரு தொழில்காரரின் கண்ணால் சுற்றிப் பார்த்தார். ஒரு சக்கரத்தில் பல் தேய்ந்திருப்பதைக் காட்டினார். அது உண்மை. பிறகு என்னைப் பார்க்காமல் பேசினார்.

"அரிசி டின்னுக்குள்ள ஒரு லெட்டர் இருந்துச்சு. எடுத்துப் படிச்சுட்டு இருந்த எடத்துலயே வச்சுட்டேன். எங்க வீட்டுல அதுக்குத் தெரியாது, நான் படிச்சது. நீங்களும் யார்ட்டயும் சொல்லக்கூடாது."

அதற்கும் சரி என்றேன்.

"அந்தப் பாட்டுக்காரர் பாட்டெல்லாம் நான்தான் அவளுக்குச் சொல்லிக்குடுத்தேன். கோயில்ல கேட்டுட்டு வந்து, ராத்திரி சோறு திங்கும்போது பாடிக்காட்டுவேன். நாலு வரியை ஒரு தடவை கேட்டாப் பிடிச்சுக்குவா. அவர் படம்னு சொல்லித்தான் கூட்டிட்டுப் போயிருப்பானுக."

சுருளை எடுத்துக் கொடுத்தேன். ஜன்னலருகே போய், முனையைப் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் பிடித்து, கொஞ்சம் கொஞ்சமாக இழுத்தார். முனையில் இருந்த கோமதி அவருடைய பெருவிரலுக்கு அடியில் இருந்தாள். விரலை எடுத்து ஒரு கணம் பார்த்தார். உதடு அசைந்தது: ஒண்ணு. இழுத்தார். ரெண்டு. இழுத்தார். நின்றுவிட்டார். பையிலிருந்து ஒர்க்‌ஷாப் லென்ஸை எடுத்துக் கண்ணில் வைத்தார். நெடுநேரம் லென்ஸைக் கண்ணிலிருந்து எடுக்கவில்லை.

"இவதான்" என்றார். பிறகு, "மெலிஞ்சுட்டா."

அவர் கையில் இருந்தது ஐந்தாவது பெண். முதல் இரண்டு முகம் இதில் இல்லை, எண்ணிக்கை தவறு என்று ஒரு வாக்கியம் சொன்னால் போதும். அதை எப்படிச் சொல்வது என்றுகூட யோசித்துவிட்டேன். அந்த அம்மாளுக்குச் செய்த சத்தியம் தடுத்தது என்று பல வருஷம் எனக்கு நானே சொல்லிவந்தேன். அது பொய். பிரதியில் ஃபிரேம் போயிருப்பதைச் சொல்ல எந்தச் சத்தியத்தையும் மீற வேண்டியதில்லை. மெலிந்துவிட்டாள் என்று அவர் சொன்ன பிறகு என்னால் முடியவில்லை. அவ்வளவுதான்.

"ஒரு துண்டு கிடைக்குமா?" என்று கேட்டார்.

கொடுக்கக்கூடாது. விநியோகஸ்தர் ஆள் கண்டுபிடித்தால் லைசென்ஸ் போகும். ஐந்தாவது பெண்ணிலிருந்து மூன்று ஃபிரேம் வெட்டிக் கொடுத்தேன். அடையாள அட்டை உறைக்குள் வைத்துக்கொண்டு, என் கையைப் பிடித்து ஒருமுறை அழுத்திவிட்டு இறங்கிப் போனார். மிச்சத்தை ஒட்டினேன். பெட்டி பதினொரு மணி பஸ்ஸில் விருத்தாசலம் போயிற்று.

ஒரு மாதம் இருக்கும். வேறு படம் ஓடிக்கொண்டிருந்தது. பிற்பகலில் செல்லத்தாய் தனியாக வந்தார். படம் பார்க்க வரவில்லை. டிக்கெட் கொடுக்கும் இடத்திலேயே நின்றார். என்னைக் கூப்பிட்டனுப்பினார்.

"அவுக இங்க வந்தாகளா தம்பி?"

கியூவை விட்டு ஓரமாக வரச் சொன்னேன்.

"வந்திருப்பாக. ஒர்க்‌ஷாப்புல பித்தளையில சின்னதா ஒரு சட்டம் அடிச்சிட்டு வந்திருக்காக. ரெண்டு கண்ணாடிக்கு நடுவுல அந்த பிலிம் துண்டு. சாமி படத்துக்குப் பக்கத்துல வச்சிருக்காக. வெளக்கப் பின்னால வச்சாத்தான மொகம் தெரியுது? தெனம் வேலைக்குப் போறதுக்கு முன்னால வெளக்கேத்தி, பூ வச்சு, பாத்துட்டுத்தான் போறாக. நேத்து கோமதின்னு பேர் சொன்னாக. அஞ்சு வருஷம் கழிச்சு." சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டார். "அது எம் மக இல்ல தம்பி."

"தெரியும்மா. நான் அவருகிட்ட வந்து சொல்லிடுறேன்" என்றேன்.

"வேண்டாம்." கையை உயர்த்தித் தடுத்தார். "சொல்லிராதீங்க. பேரு சொல்ல ஆரம்பிச்சிருக்காக. நானும் பக்கத்துல நின்னு கும்பிட்டுக்கிடுதேன். எனக்கு நான் பாத்த மொகம் இருக்கு, போதும். நான் கேக்க வந்தது வேற."

கியூவில் நின்றவர்கள் பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினார்.

"அந்தப் பிள்ளை யாரு பெத்த பிள்ளையோ, மெட்ராஸ்ல உசிரோட இருக்கும்லா? உசிரோட இருக்கற பிள்ளைக்கு, செத்தவுகளுக்கு ஏத்துத மாரி வெளக்கேத்துனா அதுக்கு ஒண்ணும் ஆகிறாதே? தெனமும் எரியுது, தம்பி. எனக்குத் தூக்கம் வரல."

"ஒண்ணும் ஆகாதும்மா" என்றேன்.

"நீங்க படிச்சவுக. நெசமாத்தான சொல்லுதிய?"

இரண்டாவது முறையும் சொன்னேன். நம்பினாரா என்று தெரியவில்லை. இரண்டு மணிச் சங்கு ஊதியது. ஃபர்ஸ்ட் ஷிப்ட் விட்டு வீட்டுக்காரர் வரும் நேரம் என்று சொல்லிவிட்டு, வெயிலில் வேகமாக நடந்து போனார்.